மட்டையோடு ஓடிய அன்ரன் அண்ணை

வயது போன ஆட்டக்காரர்களை வைத்து ஒரு பேஸ்போல் அணியை நடத்துவது, கலியாண வீட்டில் பந்திக்குப் பொறுப்பாக நிற்பது மாதிரியான வேலை. எல்லாருக்கும் முதல் பந்தியில் இடம் வேண்டும். இடம் இல்லை என்று சொல்லும் முகம் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவரின் கையிலிருந்து மைக்கை வாங்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

நான் சுபா. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விளையாடும் தமிழ் அணி ஒன்றுக்கு மனேஜர். சின்ன வயதிலேயே ரொறன்ரோவுக்கு வந்து, பள்ளிக்கூட அணியில் விளையாடியவள் என்பதால், "உமக்குத்தானே விதி தெரியும்" என்று இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். என் கணவர் குமாரும் இதே அணியில்தான் விளையாடுகிறார். மற்றவர்கள் எல்லாரும் அவரைப்போல ஊரில் கிரிக்கெட் விளையாடியவர்கள். கையும் காலும் பேஸ்போலுக்கு வந்துவிட்டன, மூளைக்குத்தான் இன்னும் விசா கிடைக்கவில்லை.

மட்டை முந்திவிட்டது

பேஸ்போலில் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதலாம் பேஸுக்கு ஓட வேண்டும். பேஸ் என்பது தரையில் பதித்திருக்கும் ஒரு வெள்ளைச் சதுர மெத்தை. பந்து அங்கே வந்து சேருவதற்கு முன்னால் மெத்தையைக் காலால் மிதித்தால் தப்பினோம். இதை நான் அணிக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அன்ரன் அண்ணைக்கு அறுபத்தொரு வயது. பாடசாலை பஸ் ஓட்டுகிறார். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு முதல் ஆளாக இறங்கி, பொழுது படும் வரைக்கும் அவுட்டாகாமல் நின்றவர். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். சீசனின் முதல் ஆட்டத்தில் அவர் நல்லதோர் அடி அடித்தார். அடித்தவர் மட்டையையும் தூக்கிக்கொண்டே ஓடினார். எதிரணி சிரித்தது. விதியில் அதற்குத் தடை இல்லை என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேஸுக்குக் கிட்டப் போனவர் குனிந்து, கையை நீட்டி, மட்டையின் நுனியை அந்த மெத்தையில் வைத்து அப்படியே நின்றுவிட்டார். கிரிக்கெட்டில் அது அருமையான ஓட்டம். பேஸ்போலில் மட்டை தொட்டால் கணக்கே இல்லை. பந்து வந்தது, நடுவர் கையை உயர்த்தினார். அன்ரன் அண்ணை அந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"என்ன சுபா இது? மட்டையைக் கோட்டுக்குள்ளை வைச்சாச்செல்லே, பிறகென்ன அவுட்டு?"

ஒண்டுமில்லை

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்க முன்னால், யாருக்கு எங்கே நோகிறது என்று நான் கேட்க வேண்டும். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஒண்டுமில்லை." ஆனால் அவர்கள் உட்காரும் வாங்குப் பலகைக்குப் பக்கத்தில் போனால் தைலத்தின் வாசம் மூக்கைத் துளைக்கும். முதுகு பிடித்தவர் தன் சப்பாத்துக் கயிற்றை இன்னொருவரைக் கொண்டு கட்டுவிப்பார். கேட்டால், அது நட்பாம்.

ஒருநாள் அன்ரன் அண்ணையின் மனைவி ஜெசிந்தா அக்கா எனக்குப் போன் எடுத்தார். அண்ணையின் வலது முழங்காலை மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஓட்டமும் இல்லை, பேஸ்போலும் இல்லை. இதுதான் கடைசி சீசன். அணியில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று அண்ணை சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் சொல்வதற்கு ஜெசிந்தா அக்காவுக்கு ஒரு காரணம் இருந்தது.

"ஒப்பரேஷன் மார்கழியிலைதான். அது வரைக்கும் அவருக்கு நல்ல முழங்கால் இருக்கு எண்டு நினைச்சு விளையாட விடுங்கோ, பிள்ளை."

ஆர் சொல்லுறது?

இறுதிச் சுற்றுக்குப் பதினைந்து பேரைத்தான் பதியலாம். எங்களிடம் பதினாறு பேர். ஒருவரை வெட்ட வேண்டும். கோப்பிக் கடையில் கூட்டம் போட்டோம். அன்ரன் அண்ணைக்கு அன்றைக்கு பஸ் ஓட்டம் இருந்தது, அந்த நேரமாகப் பார்த்துத்தான் கூட்டமும் வைத்தார்கள். கோப்பி ஆறும் வரைக்கும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு யூனியன்வில்லிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ரமேஷ் வாயைத் திறந்தான். எங்கள் அணியிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன். "ஐ லவ் ஹிம், அக்கா. ஆனா ஹீ கான்ட் ரன்" என்றான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதிகமாக ஆட்டியது என் குமார்.

சரி, அப்படியென்றால் அன்ரன் அண்ணையிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டேன். ஒருவருக்கு உடனே போன் வந்தது. இன்னொருவருக்குக் காரை எடுக்க நேரமாகிவிட்டது. தான் புதிய ஆள், தான் சொல்வது மரியாதை இல்லை என்றான் ரமேஷ். கடைசியில் குமார் மட்டும் மிஞ்சினார், என்னோடு ஒரே காரில் வந்தவர், தப்பிப் போக வழி இல்லை.

"நீர்தானே மனேஜர். நல்ல விஷயத்துக்கெல்லாம் நீர் முன்னுக்கு நிண்டனீர், இதுக்கும் நில்லும்."

பதினாறாவது ஆள்

பரிதாபப்பட்டுத்தான் நான் அன்ரன் அண்ணையை அணியில் வைத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் சிலர் கதைக்கிறார்கள். அவர்களுக்கு நன்றாகச் சொல்கிறேன்: எனக்கு வெல்ல வேண்டும். பயிற்சியில் மற்றவர்கள் பந்தை வானத்துக்கு அனுப்பப் பார்த்து, காற்றை அடித்துவிட்டு வருவார்கள். அன்ரன் அண்ணை இடது காலை முன்னுக்கு வைத்து, தலையைக் குனிந்து, மட்டையை நேராகப் பிடித்துத் தடுப்பார். எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவருடைய காலடியில் செத்து விழும். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. பந்தைத் தட்டிச் சாகவைப்பதற்கு பேஸ்போலில் பண்ட் என்று பெயர். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது லேசில் வராது.

குமாரோ மூன்று ஆட்டமாகக் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் தன் சப்பாத்தில் அப்பிய சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "இஞ்சாருங்கோ, பதினாறாவது ஆள் நீங்கள்." சேறு தட்டுவது நின்றது. அவர் சப்பாத்தை ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெட்டினது மனேஜரோ, மனிசியோ?"

செத்த பந்து

இறுதி ஆட்டம் ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊர் அணியோடு. சீருடை, தொப்பி, பை எல்லாம் ஒரே நிறத்தில் வைத்திருக்கும் ஆட்கள். பட்டியலில் இல்லாதவர் முதலாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்று ஓடுகிறவர்களுக்குக் குரல் கொடுக்கலாம். அந்த இடத்தில் குமார் நின்றார். நான் கேட்கவில்லை, அவராகவே போய் நின்றார். தோற்றால் அவருடைய முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஆட்டம் முழுக்க எனக்கு யோசனை.

எங்களுடைய கடைசி முறை. இரண்டு பக்கமும் ஓட்டங்கள் சமம். ரமேஷ் மூன்றாம் பேஸில் நிற்கிறான், அடிப்பவர் நிற்கும் வீட்டு மூலைக்கு அவன் ஓடி வந்துவிட்டால் வெற்றி. எங்களில் ஒருவர்தான் அவுட், மூன்று பேர் போனால்தான் முறை முடியும். அடுத்த ஆளாக இறங்க நான் அன்ரன் அண்ணையை எழுப்பினேன். வாங்கில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "அண்ணை, அடிக்காதேங்கோ. ஊரிலை முதல் ஓவருக்கு என்ன செய்வியளோ, அதைச் செய்யுங்கோ. பந்தை எறியேக்கையே ரமேஷ் ஓடி வருவான்" என்றேன். அவர் மட்டையை எடுத்தார். "சீசன் முழுக்க அடி, அடி எண்டு கத்தினீர். இப்பதான் விஷயம் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்கிறீர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பந்து வந்தது. ரமேஷ் புறப்பட்டுவிட்டான். அண்ணை தவறவிட்டால் அவன் நேரே போய்ப் பந்து பிடிப்பவரின் கையில் விழுவான். இடது கால் முன்னுக்குப் போனது, தலை குனிந்தது, மட்டை நேராக இறங்கியது. பந்து இரண்டு முறை துள்ளிப் புல்லில் படுத்துவிட்டது. பந்து பிடிப்பவர் அதை எடுத்துத் திரும்புவதற்குள் ரமேஷ் புழுதியில் சறுக்கி வந்து சேர்ந்தான். நடுவர் இரண்டு கையையும் விரித்தார். வென்றுவிட்டோம்! நான் தொப்பியை எறிந்தேன், அழுதேன், யாரை எல்லாம் கட்டிப்பிடித்தேன் என்று தெரியாது. அன்ரன் அண்ணைக்கு மட்டும் ஆட்டம் முடிந்தது தெரியவில்லை. அவர் மட்டையோடு முதலாம் பேஸுக்கு நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்கா வேலிக்கு வெளியே நின்று, "ஓடாதேங்கோ! ஓடாதேங்கோ!" என்று கத்துகிறார். குமார் பேஸடியில் நின்று, "மட்டை இல்லை அண்ணை, கால்! கால்!" என்று கத்துகிறார். அண்ணை குனிந்து, கையை நீட்டி, மட்டையை மெத்தையில் வைத்தார். ஓடி வந்த அணி முழுக்க அவர்மேல் விழுந்தது. அடியில் இருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது.

"நான் அவுட்டோ இல்லையோ? ஆராவது ஒராள் சொல்லுங்கோவன்!"

வீட்டுக்கு வரும்போது

கப் எங்கள் காரில்தான் வந்தது. நான் ஓட்டினேன். குமார் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் ரேடியோவைப் போட்டேன், அவர் நிற்பாட்டினார். அண்ணையின் முழங்கால் விஷயத்தை ஜெசிந்தா அக்கா ஆட்டம் முடிந்ததும் அவருக்கும் சொல்லியிருந்தார். அதை நான் முன்பே சொல்லியிருந்தால் தானே விலகியிருப்பேன் என்றார் குமார். எனக்குத் தெரியும் என்றேன். அப்படி விலகியிருந்தால் அண்ணை அது இரக்கம் என்று கண்டுபிடித்து வீட்டில் இருந்திருப்பார், எனக்கோ அவருடைய மட்டை வேண்டியிருந்தது என்றும் சொன்னேன். குமார் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையையும் தடவிக்கொண்டார்.

"மனேஜர் செய்தது சரி. மனிசியோடைதான் இன்னும் கொஞ்சம் கோவம்."

அன்ரன் அண்ணைக்கு இப்போது புது முழங்கால், குமாருக்குப் புது மட்டை, டொக்டர் என்ன சொன்னால் என்ன, இருவருமே அடுத்த சீசனுக்குத் தாங்கள் தயார் என்று சொல்லிவிட்டார்கள், நான் மறுபடியும் பந்தி வாசலில் நிற்கிறேன்.