ரயில் டீச்சரின் குரல்

ஒரு காலத்தில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிச் சொல்லியே தேய்ந்த குரல். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வீட்டில் வேலை இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் கணவர், “எத்தனாவது நடைமேடைக்கு வரணும்?” என்று கேட்பார். இந்தக் கேலியிலிருந்து தப்பிக்கவோ என்னவோ, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவ ஆள் வேண்டுமென்று பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டதும், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அந்தக் குரலுக்குச் சொந்தக்கார அம்மாள் கிளம்பிவிட்டார்.

பிள்ளைகள் வைத்த பெயர் ரயில் டீச்சர். பந்தும் கயிறும் அடைத்துவைத்த அறையில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும் குட்டி நாற்காலி. அதில் உட்கார்ந்து அவர் வாசித்தால் கரடி உறுமும், ஆமை மூச்சு வாங்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். குளிராதா பின்னே? நிலையத்தில் அத்தனை வருடம் கத்தியும் ஒருவர்கூட “இன்னொரு தடவை” என்று கேட்டதில்லை.

இன்னொரு தடவை என்று அதிகம் கேட்டவள் ரெட்டைப் பின்னல்காரி. வந்த புதிதில் ஓர் எழுத்தும் பிடிபடாதவளுக்குக் கொஞ்ச நாளில் கரடிப் புத்தகம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் ரயில் டீச்சர் வகுப்பாசிரியையிடம் போய், “அவ தேறிட்டா” என்று சொல்லிவிட்டார். அவள் இடத்துக்கு ஒரு பையனை அனுப்பினார்கள்.

பெற்றோர் வந்த நாளில் அவளையே வாசிக்கச் சொன்னார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா வேலை உடுப்போடு வந்து நின்றாள். மகள் கணீரென்று ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு பக்கங்கள் சேர்ந்து புரண்டன. படத்தில் கரடி குகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயிலோ அது இன்னும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. கடந்து முடித்ததும் ரயில் டீச்சர் வழக்கமாகத் தொண்டையைக் கனைக்கும் இடத்தில், அச்சு அசலாக அவளும் கனைத்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். ரயில் டீச்சரின் கண் அந்தக் குகைப் படத்திலேயே நின்றது. பிள்ளை ஒரு வார்த்தைகூட வாசிக்கவில்லை.

அம்மா வந்து ரயில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. இவளும் என்னை மாதிரி ஆயிடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. “நல்ல பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வகுப்பாசிரியையிடம் போட்டு உடைத்தார். “அவளுக்கு வாசிக்க வரலைங்க. என் குரலை மனப்பாடம் பண்ணியிருக்கா.”

“நீங்கதானே தேறிட்டான்னு சொன்னீங்க? இப்ப வந்த பையனை நான் எப்படித் திருப்பி அனுப்புறது? அவன் நிலைமை இன்னும் மோசம்.”

“பள்ளி விட்டதும் கொஞ்ச நேரம்?”

“மணி அடிச்சா வேன் கிளம்பிடும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்ல. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அடுத்த வருடம் எல்லாப் பாடத்தையும் அவளே புத்தகத்தில் வாசித்தாக வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டியது. அழுது என்ன ஆகப்போகிறது?

மாலையில் வேனுக்காக நின்ற ரெட்டைப் பின்னல்காரி, வகுப்பில் கொடுத்த புதுப் புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

“டீச்சர், நாளைக்கு என்னை எழுப்பி வாசிக்கச் சொல்வாங்க. ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. நான் பிடிச்சுக்குவேன்.”

அவர் முதல் வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தார். “நீயே சொல்லு, பார்ப்போம்.”

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். நாளைக்கு வகுப்பில் இவள் எழுந்து நின்று விழிக்கப்போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வாசித்தார். உறுமல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, கடகடவென்று வாசித்தார். அவள் உதடுகள் கூடவே அசைந்தன. பாதியில் கனைத்துக்கொண்டார்.

அவளும் கனைத்தாள்.