ஓல்டன் நடைமேடையில் இரண்டு கைபேசிகள்

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் ரயில் நிலையம். பனிக்காற்றில் ரயில்கள் வருகின்றன, பிரிகின்றன. பெஞ்சில் என் பக்கத்தில் யாழ்ப்பாணத்துச் செல்வன் அண்ணை. முதியோர் இல்லத்தில் வேலை. அவருக்கு அந்தப் பக்கம் அவரோடு வேலை செய்யும் பர்மியப் பெண் தீடா, மடியில் இரண்டு கைபேசிகளோடு.

பழையதில், இறந்துபோன அவள் அப்பா அனுப்பிய செய்திகள். புதிய கைபேசியில் பர்மிய எழுத்துகளைக் காட்டும் குறிமுறை வேறு. அதற்கு மாற்றினால் எல்லாம் குழம்பித் தெரிகின்றன. பழையதன் பேட்டரியோ வீங்கிவிட்டது.

"அந்தக் காலம் எங்கட தமிழும் இப்பிடித்தானே? ஃபொண்ட் இல்லாட்டில் ஒண்டும் வாசிக்கேலாது. கடிதத்தைப் படமாக்கி அனுப்பினனாங்கள், ஞாபகமோ?" என்கிறார் அண்ணை.

மறக்குமா? சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில், நண்பனின் கையெழுத்து வரிவரியாகத் திரையில் இறங்கக் காத்திருந்த மாலைகள் எத்தனை!

அதே வித்தையை அண்ணை தீடாவுக்கு ஜெர்மனில் சொல்கிறார். அவள் புதிய கைபேசியால் பழையதன் திரையைப் படமெடுக்கத் தொடங்குகிறாள். வெளிச்சம் கூசாமலிருக்க அண்ணை தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடிக்கிறார்.

எங்கள் ரயில் வருகிறது. "போகட்டும், அடுத்தது இருக்கு" என்கிறார் அண்ணை. நானும் எழவில்லை.

கடைசிச் செய்தியை எடுத்ததும் தீடா அதன் பொருளைச் சொல்கிறாள். அண்ணை என்னிடம் திரும்பிச் சிரிக்கிறார்.

"அங்க குளிராமே, தொப்பி போட்டனியோ எண்டு கேட்டிருக்கிறார் மனுசன். இவளைப் பாருங்கோ, வெறுந்தலை!"

தொப்பியை அவள் தலையில் கவிழ்க்கிறார். அவள் அதைக் காதுவரை இழுத்துவிட்டு, பழைய கைபேசியை அணைக்கிறாள்.