அண்ணி செய்த கேஜ் விளையாட்டு

பிளைவுட் பெட்டியின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக டார்ச் பல்புகள் பதிந்திருக்கும். அடியிலிருந்த பல்புக்கு மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. அறுபதுகளின் நடுவில், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர் குடியிருப்பிலிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பல்புகள் முதன்முதலாக ஒளிர்ந்த மாலையை நினைத்தால், இன்றும் எனக்குள் ஒரு நிறைவு பரவுகிறது. அதைச் செய்தவள் அண்ணி. ஆம்பூரிலிருந்து மணமாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இங்கே பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துவந்தாள். யாரும் கேட்காமல், யார் துணையும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் கம்பிகளோடு உட்கார்ந்துவிடுவாள்.

பெட்டிக்குள் இருந்ததெல்லாம் எளிய பொருள்களே. காலி நூற்கண்டுக் கட்டை ஒன்று. அதில் சுற்றிய நூலின் முனையில் மணல் நிரப்பிய பவுடர் டப்பா தொங்கும். டப்பா இறங்க இறங்கக் கட்டை சுழலும். கட்டையில் ஒட்டிய தகரத் துண்டு ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட, பல்புகள் மேலிருந்து கீழாக முறையே எரியும். அந்த வெளிச்சம்தான் கேஜ், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. ஒவ்வொரு பல்பும் ஒரு லெவல், அதாவது சுரங்கத்தின் ஒரு தளம். எதிரே இருப்பவர் மணியை எத்தனை முறை அடிக்கிறாரோ, அத்தனையாவது லெவலில் கைப்பிடியை அழுத்தி அதை நிறுத்த வேண்டும்.

முதலில் அமர்ந்தவர் அப்பா. “ஷிப்டு முடிஞ்சி வந்தா வூட்லயும் கேஜா?” என்று சலித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தவர், இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு எழ மறுத்தார். “இத்தினி வருசமா எவனோ எறக்கறான், எவனோ ஏத்தறான். இன்னிக்குத்தான்டி கைப்பிடி நம்ம கைல!” என்று என்னிடம் பெருமையடித்தார். அந்தப் பெருமையிலேயே கை தவறியது. வெளிச்சம் எல்லா லெவல்களையும் கடந்து ஓடி, சிவப்புப் பல்பு எரிந்தது. மின்மணி வீறிட்டது.

அடுக்களையிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். “அது இன்னா செவப்பு?”

“கேஜு அடியில போய் மோதிடுச்சி அத்தை. மாமா தோத்துட்டாரு” என்றாள் அண்ணி, செய்தவளுக்கே உரிய மகிழ்ச்சியோடு.

அம்மா திட்டவில்லை. ஒரு பழைய துண்டை எடுத்து வந்து பெட்டியின் மேல் போர்த்திவிட்டு உள்ளே போனாள். அப்பாவும் எழுந்து கைகால் கழுவப் போய்விட்டார்.

அண்ணிக்குக் காரணம் புரியவில்லை. மறுநாள் நான்தான் விளக்கினேன். அப்பாவோ அண்ணனோ சுரங்கத்துக்குள் இருக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் எதுவும் ‘விழாது’. குடம் உருண்டாலும் ‘எறங்கிடுச்சி’ என்றுதான் அம்மா சொல்வாள். முந்தைய மாலையில் அண்ணன் கீழேதான் இருந்தான். கேட்டதும் அண்ணியின் முகம் வாடியது. பெட்டி வீணானதைவிட, வந்த வீட்டின் அச்சத்தைத் தானே விளையாட்டாக்கி வைத்துவிட்டோமே என்பதுதான் அவளை வாட்டியது. அந்த வாரம் முழுவதும் அம்மாவும் அவளும் உப்பு, புளி பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

பெட்டியைப் பிரித்துப்போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சிவப்புத் தாளைச் சுரண்டி எடுத்தாள். தோற்றால் உச்சியில் பச்சை விளக்கு எரியும்படி மாற்றினாள். அது அவ்வளவு அழகாக இருந்ததால் அண்ணனும் நானும் வேண்டுமென்றே தோற்றோம். “தோக்கறதுக்கு இப்பிடி அடிச்சிக்கிறவங்கள நான் எங்கயும் பாத்ததில்ல” என்று அண்ணி சிரித்துவிட்டாள். விளையாட்டு மறுபடியும் கெட்டது.

அண்ணியின் பேரன் இப்போது பெங்களூரில் இரவல் கணினி ஒன்றில் தன் முதல் விளையாட்டைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறான். ஓரிடம் வந்ததும் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்று சென்ற மாதம் குறைப்பட்டுக்கொண்டான். ஆட்டத்தின் விதியைப் பார்க்காதே, விட்டுப்போகிறவரின் முகத்தைப் பார் என்று அவனிடம் சொல்லத் தோன்றியது. அண்ணி அதைத்தான் செய்தாள். பல நாள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பிற்பகலில் பெட்டியைத் திறந்து நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். அவ்வளவுதான். வெளிச்சம் இப்போது அடியிலிருந்து மேலே ஏறியது. ஒவ்வொரு லெவலிலும் ஒரு புளியங்கொட்டை; அதுதான் மேலே வரக் காத்திருக்கும் ஆள். அங்கே கேஜை நிறுத்தினால் அந்த ஆளை ஏற்றிக்கொள்ளலாம். தவறவிட்டால் அவர் அங்கேயே காத்திருப்பார். நூலைச் சுற்றி மறுபடி போகலாம். மூன்று பேரை மேலே கொண்டுவந்தால் வெற்றி.

அதை அவள் யாரையும் விளையாட அழைக்கவில்லை. கூடத்தில் வைத்துவிட்டு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். நெடுநேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்த அம்மா, கடைசியில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன் அமர்ந்தாள். முதல் ஆள் தவறினார். இரண்டாமவர் ஏறினார். அம்மாவின் உதடுகள் இறுகின. அண்ணியின் சிவப்பு மைப் பேனா ஒரே வரியின் மேல் நின்றுவிட்டிருந்தது.

“மூணு பேரு வந்தாச்சி அத்தை. ஜெயிச்சிட்டீங்க!”

“இன்னா ஜெயிச்சேன்? கீழ இன்னும் ரெண்டு பேரு நிக்கறாங்களேம்மா” என்று அம்மா நிமிராமலே சொன்னாள். “நூலச் சுத்திக் குடு.”

அண்ணி எழுந்து வந்து, அவள் தோளை உரசினாற்போல் அமர்ந்து, நூலைச் சுற்றிக் கொடுத்தாள். நான்காமவரும் ஏறினார். வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கதவைத் தட்டினார். நான் திறக்க எழுந்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“செத்த இருங்க” என்று அம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். “இன்னும் ஒருத்தர ஏத்தணும்.”