மகள் மைக்கைப் பிடித்த சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். மதுரை வில்லாபுரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போனில் என்ன கோளாறு என்றாலும் எங்கள் தெருவே என்னிடம்தான் வரும். ஆனால் என் வீட்டுப் போனில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வயிறு வலிக்கிறது என்று ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தவள், போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, அசிங்கமான வேறொரு படத்தில் ஒட்டியிருந்தான் எவனோ. தானும் ஒன்பதாம் வகுப்புப் பெண் என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் பழகியவனாம். வீடியோ காலில் வா, இல்லாவிட்டால் உன் வகுப்பில் எல்லோருக்கும் இதை அனுப்புவேன் என்று மிரட்டல்.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்று கத்தினேன். கையையும் ஓங்கிவிட்டேன்.

"நீங்க இப்பிடிக் கத்துவீங்கன்னுதாம்ப்பா சொல்லல."

ஓங்கிய கையை இறக்கினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிம்மை உடைத்துப் போடலாம் என்று போனைத் திறந்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிச்சிறாதீங்கப்பா. அப்பறம் அவன் செஞ்சதுக்கு என்ன சாட்சி இருக்கு?"

போன் கடைக்காரனுக்கு அது தோன்றவில்லை.

அன்றே நான், மனைவி, மகள் மூன்று பேரும் போய் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தோம். விசாரித்த பெண் எஸ்.ஐ., "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் மகள் தலை நிமிர்ந்தாள். ஆனாலும் வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாள். அந்தப் படம் யார் போனில் எப்போது வந்து விழுமோ என்று பயம்.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னோம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, பிள்ளைகளும் வருவார்கள், பெயர் சொல்லாமல் பொதுவாக எச்சரிக்கிறேன் என்றார். மகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு சொல்லித்தான அவன் மிரட்டுறான்? நானே சொல்லிட்டா, அப்பறம் அவன் எத வச்சு மிரட்டுவான்?"

"கட்டாயமே இல்லம்மா, நல்லா யோசிச்சுக்க" என்றார் தலைமை ஆசிரியை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று என் மனைவி கலங்கினாள். எனக்கும் அதே பயம்தான். மகள் மட்டும் மாறவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. மனைவி பக்கத்தில் நிற்க, மகள் மைக்கைப் பிடித்தாள். முதல் வார்த்தை மட்டும்தான் நடுங்கியது.

"எம் முகத்த வச்சு ஒருத்தன் பொய்யாப் படம் செஞ்சிருக்கான். போலீஸ்ல சொல்லியாச்சு. உங்க போனுக்கு வந்தா யாருக்கும் அனுப்பாதீங்க. டீச்சர்ட்ட வந்து சொல்லுங்க."

பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எம் மகளுக்கும் இதே மாதிரி மெசேஜ் வந்துச்சு. பயந்துபோயி படிப்பையே நிப்பாட்டிரலாம்னு இருந்தேன்" என்று அழுதார். அவர் உட்காருவதற்குள், தன் மகளுக்கும் வந்தது என்று இன்னொரு அம்மாவும் எழுந்தார். அதன்பின் யாரோ கைதட்ட ஆரம்பிக்க, ஹாலே சேர்ந்து தட்டியது. அந்த இரண்டு அம்மாக்களின் மகள்களும் என் மகளிடம் வந்து, மூன்று பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, நானும் அழுதுவிட்டேன்.

அன்று மாலையே மற்ற இரண்டு குடும்பங்களும் புகார் கொடுத்தன. மூன்று பேரையும் மிரட்டியது ஒரே ஆள்தான் என்று தெரிந்தது. மூன்று புகாரையும் வைத்துத் துப்புத் துலக்கி, மூன்றாவது வாரம் அவனைப் பிடித்துவிட்டார்கள். எஸ்.ஐ. போனில் அதைச் சொன்னபோது, மகள் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஒருவேளை அன்று நான் சாப்பிட வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அதனால்தான் அவள் "அப்பா, ஒரு விஷயம்" என்று வந்து நின்றால், யாருடைய போன் கையில் இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன்.