கேள்விக்கார பாய் வீட்டுச் சஹன்

நான் மலாய்க்காரங்க சீமையில, பத்து பாகாட்ங்கற ஊருல பால் ஊத்தறவ. பேரு காளியம்மா. ஆத்தோரம் இருக்கிற ருக்னுதீன் பாய் சாப்பாட்டுக்கடைக்கு விடிஞ்சதும் மொதப் பால் என்னோடதுதான். அந்த மனுஷனப் பத்தி என்னத்தச் சொல்ல? பால அளந்து ஊத்தறதுக்குள்ள நாலு கேள்வி கேட்டுடுவாரு. மாடு தூங்கறப்ப எதை மெல்லுது? நெத்தியில பூசற துன்னூறு வேர்வையில கரையாதா? எனக்குப் பொசுக்குனு கோவம் வரும். பால் ஊத்த வந்தேனா பரீச்சை எழுத வந்தேனான்னு கேட்டா, பரீச்சைதான்னு சொல்லிச் சிரிப்பாரு.

கீழக்கரையிலேர்ந்து சின்ன வயசுல கப்பலேறி வந்தவரு. ஓதுற பள்ளியத் தாண்டிப் படிச்சதில்ல. ஆனா கடைக்கு வர்ற ஒருத்தரையும் சும்மா விட மாட்டாரு. மலாய்க்காரங்க வீட்டுப் படிக்கட்டுல ஏன் தண்ணித் தாழி வைக்கிறாங்க, சீனத் தவுக்கே, கடை முதலாளி, வாசல் மேல எதுக்குக் கண்ணாடி மாட்டியிருக்காரு, எல்லாம் அவருக்குத் தெரிஞ்சாகணும். கேள்விக்கார பாய்னே ஊருல பேரு.

ஒருநாள் என்னையும் கேட்டாரு. ஏம்மா காளியம்மா, எங்க கடையில தேத்தண்ணி குடிக்க டம்ளர் இல்லாத மாதிரி உன் சொம்பும் கையுமா வர்றியேன்னாரு. எச்சில்னா எங்களுக்கு என்னன்னு உக்காந்து வெளக்கினேன். ஒருத்தர் வாய் வச்சதுல இன்னொருத்தர் வாய் வைக்க மாட்டோம், ஒருத்தர் கை போட்ட சோத்துல இன்னொருத்தர் கை போட மாட்டோம்னு. தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சுன்னு புரியும்.

அவரு சம்சாரம் பரக்கத் நிஷா. கடைக்குப் பின்னாலயே வீடு. கோஷா வீடுன்னு நாங்க யாரும் உள்ள போறதில்ல, நான் மட்டும் கொல்லப்பக்கமா பால் குடுக்கப் போவேன். ஒரே பொண்ணு ஆரிஃபா, இங்கிலீஷ் பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தா. அப்பன் புத்தி அப்படியே அவகிட்ட. அந்த வருஷம் பிள்ள பெரிய மனுஷியாயிட்டா. இனி படிப்பு போதும், பொண்ணு வீட்டோட இருக்கட்டும்னு நிஷா சொல்லிட்டா. பாய்க்கு உசுரே போயிடுச்சு. தனக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும்னு இருந்த மனுஷன். கெஞ்சிப் பாத்தாரு, ரெண்டு நாள் பேசாம இருந்து பாத்தாரு. அவ அசையல.

அப்பதான் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு சேதி வந்துச்சு. அங்க இருக்கிற காலேஜ் பிள்ளைங்க பத்து பாகாட்டுக்கு வர்றாங்களாம். சும்மா ஊர் சுத்திப் பாக்க இல்ல. மலாய்க்காரங்க வீடு, சீனங்க வீடு, தமிழாளுங்க வீடுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு வேளை உக்காந்து, சாப்பிட்டு, நீங்க ஏன் இப்படிச் செய்றீங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான் படிப்பாம். பாய் காலு தரையில நிக்கல. கேள்வி கேக்கறதுக்குன்னே ஒரு காலேஜான்னு என்கிட்டயே நாலு தடவ சொன்னாரு. தமிழ் முஸ்லிம் வீட்டுச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்னு போயி ஒத்துக்கிட்டு வந்துட்டாரு. அதுல ரெண்டு பொண்ணுங்களும் உண்டுன்னு தெரிஞ்சதும், நிஷா ஒரு வார்த்தை சொன்னா. "அவளுவளை என்கூட உக்காந்து சாப்பிட வைங்க. படிச்ச பொண்ணு எப்படி இருக்கான்னு நானும் பாக்குறேன். அப்புறம் ஆரிஃபா பேச்சைப் பேசுவோம்." அவ்வளவுதான். ஆரிஃபா படிப்பு மொத்தமும் அந்த ஒரு வேளைச் சோத்துல வந்து நின்னுடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் நான் கொல்லப்பக்கம் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். ஆம்பளப் பிள்ளைங்களும் வெள்ளைக்கார வாத்தியாரும் முன்னால கூடத்துல. பொண்ணுங்க உள்ள. ஒருத்தி சியூ லான், மூவார்ல மளிகைக்கடைத் தவுக்கே மக. இன்னொருத்தி செல்லம், பாலோ பக்கத்துத் தோட்டத்துல கணக்கு எழுதற கிராணி பொண்ணு, எங்காளு. அடக்க ஒடுக்கமா வந்து தரையில விரிச்ச பாயில உக்காந்தாங்க.

சஹன் வந்துச்சு. கீழக்கரைக்காரங்க விருந்துன்னா அதுதான். பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு தட்டு, அதுல நெய்ச்சோறு, நடுவுல ஆட்டுக்கறி. சுத்தி உக்காந்து எல்லாரும் அந்த ஒரே தட்டுல கை போட்டுச் சாப்பிடணும். யாராவது ஒருத்தர் கை போடலன்னா அந்த வீட்டையே வேண்டாம்னு சொன்ன மாதிரி. செல்லமும் எச்சில் பாக்கறவதானே. எச்சில் சமாச்சாரம் அத்தனையும் என்கிட்ட கேட்டு வாங்கின மனுஷன், ஒரு தனித்தட்டு வைக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? கத்துக்கத்தானே வந்திருக்காங்க, கத்துக்கட்டும்னு விட்டுட்டாராம். நல்லா வருது வாயில.

சியூ லான் ஒரு வம்பும் பண்ணல. கையால சாப்பிடத் தெரியலையே தவிர, நல்ல கறித்துண்டா பாத்து எடுத்து நிஷா பக்கம் வச்சா. நிஷா அதை அவ பக்கமே தள்ளினா. அவ திரும்பவும் இவ பக்கம் தள்ளினா. எங்க வீட்டுல நல்ல துண்டு பெரியவங்களுக்குத்தான்னு அவ மலாய்ல சொல்ல, எங்க வீட்டுல விருந்தாளிக்குத்தான்னு ஆரிஃபா உம்மாவுக்காகத் திருப்பிச் சொல்ல, அந்தக் கறித்துண்டு பாவம், யாருக்கும் இல்லாம சோத்துக்குள்ள அலைஞ்சுது. நிஷா வாயப் பொத்திச் சிரிச்சதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

செல்லம் கை மட்டும் மடியில இருந்துச்சு. தட்டுக்கு வரைக்கும் கொண்டு போனா, அப்படியே திரும்பிடுச்சு. முகம் வேர்த்துடுச்சு. நிஷா சிரிப்பு போயிடுச்சு. தன் கையையும் சஹன்லேர்ந்து எடுத்துட்டா. ஆரிஃபாவுக்குக் கண்ணு கலங்குது, அவளுக்குத் தெரியும் போச்சுன்னு. எனக்கு அந்தக் கிராணி மக மேல வந்த கோவம்! ஆனா நியாயமா சொன்னா, என் கையும் போயிருக்காது.

எந்திரிச்சுப் போயிடுவான்னு பாத்தேன். போகல. நிஷா முகத்தைப் பாத்து நேரா சொன்னா.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்கப்பா தட்டுல கூட நான் கை போட்டதில்ல. போடணும்னுதான் பாக்குறேன், கை வர மாட்டேங்குது. நீங்க ஏன் எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடறீங்க? எனக்குச் சொல்லுங்க."

நிஷா அவ பக்கம் திரும்பி உக்காந்தா. அந்த வீட்டுல எத்தனையோ கேள்வி கேட்டிருக்கு, எல்லாம் முன்பக்கம். உள்ள வந்து அவளை ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல.

"தனித்தட்டுல ஒருத்தி அரைவயிறா எந்திரிச்சா யாருக்குத் தெரியும்?"னா. "ஒரே சஹன்ல கை நின்னுச்சுன்னா பக்கத்துல இருக்கிறவளுக்குத் தெரியும். என்னடி ஆச்சுன்னு கேப்பா. ஊர்ல உம்மா, சாச்சி, மச்சின்னு சுத்தி உக்காருவோம். இங்க வந்ததுலேர்ந்து நானும் இவளும்தான். இவளும் பள்ளிக்கூடம் போனா மத்தியானச் சோத்துக்கு என் கை மட்டும்தான் அதுல கெடக்குது. அதான் போதும்னேன்."

நான் உரிச்ச வெங்காயத்தை அப்படியே போட்டுட்டேன். திரும்பிப் பாத்தா, திரைக்கு அந்தப் பக்கம் பாய் நிக்கிறாரு, கையில சோத்துச் சட்டி. எல்லாம் காதுல விழுந்திருக்கு. ஊரு முழுக்கக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட மனுஷன், வீட்டுக்குள்ள இருந்ததைக் காலேஜ்காரி வந்து கேட்டுல்ல தெரிஞ்சுக்கிட்டாரு. முகம் செத்துப்போச்சு.

நிஷா எந்திரிச்சு வந்து அவரு கையிலேர்ந்து சட்டிய வாங்கினா. யாரும் கை போடாத சோறு. கையக் கழுவிட்டு, அதுல ஒரு உருண்டை புடிச்சு செல்லத்தோட உள்ளங்கையில வச்சா. பிள்ளைங்களுக்கு எங்க அம்மாமாருங்க வைப்பாங்களே, அப்படித்தான். செல்லம் அதைத் தின்னா, அடுத்ததுக்குக் கைய நீட்டினா. சஹன் ஓரத்துல, எல்லார் கூடயும் உக்காந்தபடி. சியூ லானும் தனக்கு ஒரு உருண்டை வேணும்னு கைய நீட்டினா. அப்புறம் பேச்சுதான். எச்சில்னா என்னன்னு நிஷா கேக்க, செல்லம் சொல்ல, வெளக்கம் பத்தலன்னு என்னையும் உள்ள கூப்பிட்டாங்க.

அவங்க எல்லாம் பஸ் ஏறிப் போனதும் பாய் உள்ள வந்து சம்சாரத்துக்கு எதிர்ல உக்காந்தாரு. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தேன், போகச் சொல்லல.

"ஆரிஃபா படிக்கணும்னா நான் என்ன செய்யணும்?"னு கேட்டாரு.

"மத்தியானம் நீங்க வந்து உக்காரணும்"னு சொன்னா நிஷா.

மத்தியானம்னா சாப்பாட்டுக்கடைக்கு உசுர் நேரம். அந்த நேரத்துல பாய் அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவாரு, உக்காந்து நான் பாத்ததில்ல. ஒரு வாரம் நடக்கும், மறுவாரம் மறந்துடுவாருன்னுதான் நெனச்சேன்.

ஆரிஃபா பள்ளிக்கூடம் போறா. இப்ப நீங்க மத்தியானம் அந்தக் கடைக்குப் போனீங்கன்னா, கல்லாவுல வேற ஆளு இருக்கும், முதலாளி எங்கன்னு ஆளுங்க கத்துவாங்க. முதலாளி பின்னால வீட்டுல சஹன்ல கை போட்டு உக்காந்திருப்பாரு. கொல்லப்பக்கம் போற எனக்குக் காதுல விழும். கேள்வியெல்லாம் நிஷா கேக்குறா. பாய் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே பதில் தேடிக்கிட்டு இருக்காரு.