டேப்பின் அந்த முனை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நஷ்டமில்லை. இது என் கையாலேயே அனுபவித்தது.

2013, ஐப்பசி. திண்டிவனத்தில் குட்டி பொக்லைன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வண்டிகள். ஒன்று ஒன்றரை டன், இன்னொன்று மூன்று டன். மயிலம் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டின் பின்னால் செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்க வேண்டும் என்று விழுப்புரத்திலிருந்து தேவநாதன் போன் செய்தார். எந்த வண்டி என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார்.

வண்டி ஓட்டுவது என் மச்சான் அலெக்ஸ். குறுகலான சந்தில் பெரிய வண்டி உரசினால், சுவர் விழுவது அவன் தலையில். அதனால் அளக்காமல் நான் வண்டி அனுப்புவதே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தூறல். கரண்ட் வேறு இல்லை. பின்பக்கம் போகும் வழியின் அகலத்தை அளக்க வீட்டுச் சுவரில் டேப்பை வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் முழித்தேன்.

"குடுங்க, நான் புடிக்கிறேன்."

பெண் குரல். பக்கத்து வீட்டம்மா என்று நினைத்தேன். இருட்டிலிருந்து கை மட்டும் நீண்டது. விரல்களில் சிமெண்டுத் தூள்... அந்தத் தூறலிலும் காய்ந்தே இருந்தது.

டேப் சரசரவென ஓடியது. டக்... நின்றது.

"மதிலு வந்துடுச்சிங்க. ஒட்டிக்கினுதான் நிக்கிறேன்."

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாலரை அடி. மூன்று டன் நுழையாது என்று முணுமுணுத்தேன்.

"நுழையாதுங்க. அன்னிக்கே சொன்னேன்... யாரும் கேக்கல."

போதும், விடுங்கம்மா என்றேன்.

டேப் தளரவில்லை.

இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது...

"சின்னத எடுத்துக்கினு வாங்க."

விட்டது.

ஓடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கழன்று விழுந்த செருப்பைக் கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை அலெக்ஸோடு ஒன்றரை டன் வண்டியை இறக்கினேன். தேவநாதன் வந்திருந்தார். இவ்வளவு இடம் கிடக்க எதற்கு இந்தப் பொடி வண்டி என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மதிலே இல்லை. வீட்டை ஒட்டி வெறும் பொட்டல்.

நாலரை அடியில் மதில் இருந்ததே என்றேன். அவர் முகம் மாறியது.

"இருந்துச்சி. போன வருஷம் பெரிய வண்டி பூந்து சாச்சிடுச்சி. நுழையாதுன்னு எங்க பெரியம்மா குறுக்க நின்னுக்கினு இருந்தாங்க. மதிலு அவங்க மேலதான்..."

பொட்டலின் ஓரத்தைக் கைகாட்டினார்.

"நாங்க ஓடியாந்து பாக்குறப்ப, கை மட்டுந்தாங்க வெளிய தெரிஞ்சிது."