பின்வண்டியின் பிரேக்

எங்கள் வீட்டில் இரண்டு மதங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவது ஒன்று. மீதி ஆறு நாளும், அகப்பட்டவர்களிடம் நான் பழைய டீசல் காரின் மகிமையைப் பிரசங்கிப்பது இன்னொன்று. இரண்டாவதில் இன்றுவரை ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

என்னுடையது டிக்கி வைத்த கார். வயது பதினாறு. சென்சார், திரை, பேசுகிற பெண் எதுவும் கிடையாது. சாவியைப் பாதி திருப்பிவிட்டு ஹீட்டர் விளக்கு அணைகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு தெருவை எழுப்பிக்கொண்டு கிளம்பும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. எங்கள் சொந்தக்காரர்களை வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு வசதிதான். ஆனால் அதன் இழுவை இருக்கிறதே, முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டால் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே மலையை நகர்த்தும். மழைக்காலத்தில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் சேற்றில் அச்சுவரை இறங்கிய லோடு வேனை அதை வைத்து வெளியே எடுத்திருக்கிறேன். இந்தக் கதையை நான் ஆரம்பித்ததும் என் மனைவிக்கு அடுப்பில் ஏதாவது நினைவுக்கு வந்துவிடும்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், டிரெய்லர் டிரைவர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து யார்டுக்குக் கன்டெய்னர் பெட்டி இழுப்பவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. எனக்கும் துறைமுகம்தான் சோறு போடுகிறது. கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் காகிதம் பார்க்கிறேன். அவர் இழுக்கிற பெட்டிக்கு நான் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவேன். யார் உழைப்பாளி என்பதில் எங்களுக்குள் சந்தேகம் இருந்ததில்லை. அவர் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருந்தார். கையகலத் திரை வைத்தது.

"இதுல பாட்டு கேக்கலாம் மாப்ள. உம்ம வண்டியில இன்ஜின் மட்டுந்தான் கேக்கும்" என்றார்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தத் திரை வேம்பாரில் இருண்டு போனது. ஒரு துக்க வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுவிட்டதாகவும், ரெக்கவரி வேன் நாளைக்குத்தான் வருமாம் என்றும் போனில் சொன்னார். அந்தச் செய்தி எனக்குத் தந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்த நீல நைலான் கயிற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாட்சிக்கு மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"வாரும்வே டீசல்" என்றார் மச்சான். அவர் காருக்கு நிழல்கூட இல்லை. இரண்டு பக்கமும் வெயில் வெள்ளையாக நின்றது.

கயிற்றைக் கொக்கியில் கட்டிவிட்டு நான் வகுப்பெடுத்தேன். கட்டி இழுக்கும்போது முன்வண்டிக்காரன் வெறும் மாடு. மூளை பின்வண்டியில்தான் இருக்க வேண்டும். கயிறு தொய்யாமல் பார்த்துப் பார்த்து பிரேக் பிடிக்க வேண்டியது அவர். இன்ஜின் ஓடாததால் இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஏறி மிதிக்க வேண்டும்.

"ஏளா, ஒன் வீட்டுக்காரரு எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாராருளா" என்றார் தங்கையிடம். "நாப்பதடிப் பெட்டிய இழுக்கிறவன்ட்ட."

என் கார் முனகாமல் இழுத்தது. அதுவரை எல்லாம் என் பிரசங்கப்படியே நடந்தது.

வைப்பாற்றுப் பாலத்தில் சற்று வேகத்தைக் குறைத்தேன். கயிறு தொய்ந்து தரையில் இழுபட்டது. அவர் பிரேக் பிடிக்கவில்லை. நான் மறுபடி இழுத்ததும் வெட்டி அறுந்தது. முடிச்சுப் போட்டுக் கட்டினோம். குளத்தூர் தாண்டி ஒரு வேகத்தடையில் என் பம்பரில் வந்து மெதுவாக இடித்தார்.

"உம்ம பிரேக் லைட் எரியல" என்றார் இறங்கி.

மனைவி பின்னால் போய் நின்று பார்த்தாள். இரண்டும் எரிந்தன.

"அப்ப வெயில்ல தெரியல" என்றார்.

அதன் பிறகு அவளைப் பின்சீட்டில் திரும்பி உட்காரச் சொன்னேன். கயிறு தொய்ந்தால் கையைக் காட்ட வேண்டும். அவளும் பின்கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி ஒட்டி எடுத்தாள். நான் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு, இருபத்தாறு வருஷ அனுபவத்தைப் பற்றி நாலு கிண்டல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கையக் காட்டுதேன், அண்ணன் என்னப் பாக்கவே மாட்டுக்காவ" என்றாள். "என்னத் தாண்டி எங்கயோ பாக்காவ."

தருவைகுளம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில், முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற நின்றது. பிரேக் பிடித்தேன். மச்சான் கடைசி நொடியில்தான் பிடித்திருக்க வேண்டும். என் மேல் இடிக்காமல் இருக்க இடது பக்கம் சரளைக்கற்களில் ஒடித்தார். அங்கே தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கேன் நசுங்கிப் பறந்தது. அவள் பின்னால் சாய்ந்து இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தாள். வண்டி அவள் காலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது.

நான் ஓடினேன். மச்சான் கதவைத் திறந்து இறங்கி, "என்னது, கல்லுல ஏறிட்டா?" என்று கேட்டார்.

கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். அந்தப் பெண் அவருக்கு ஆறடி தூரத்தில் எழுந்துகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் ரத்தம்.

"ஏ எடுபட்ட பய, ஆளு நிக்கது தெரியல? கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்றாள். குரல் வந்த பக்கம் மச்சான் தலையைத் திருப்பினார். உடம்போடு சேர்த்து முழுதாகத் திருப்பினார், கோழி பார்ப்பது போல. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கையைக் கழுவி, என் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினோம். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகவும் திட்டிக்கொண்டே போனாள். அவள் திட்டுகிற நிலையில் இருந்ததற்கு நான் நன்றி சொன்னேன். காலையில் கோயிலில்கூட அவ்வளவு மனதோடு சொல்லவில்லை.

"எடது கண்ணு போயிட்டு மாப்ள" என்றார் மச்சான், காரில் சாய்ந்தபடி. "வலதுல ஒட்டட மாதிரி தொங்குது. சுகரு. பெருசா இருந்தா தெரியும். முன்ன போற லாரி எம்புட்டுப் பெருசாத் தெரியுதோ அத வச்சி ஓட்டிருவேன். இந்தக் கயிறுதான் தெரிய மாட்டுக்கு."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"அப்ப சர்ட்டிபிகேட்?"

"நீருதானவே வாங்கிக் குடுத்தீரு."

அதற்கு ஏழு மாதம் முன்னால், லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்கு மருத்துவச் சான்று வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். லீவு போட்டு அலைய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மாமியார் வீட்டில் பேச்சு. நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 'ஆம்' என்று எழுதியது டாக்டர்கூட இல்லை, நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே நிரப்பச் சொல்லியிருந்தார். அதே மாதத்தில் என் காரையும் மறுபதிவுக்குக் கொண்டுபோயிருந்தேன். விளக்கு, ஹார்ன், பிரேக், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

வீடு சேர இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. நான் மறுபடி கயிற்றைக் கட்டினேன். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு, பின்சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, பிரேக். விடு. விடுண்ணே. லேசாப் புடி. எடது பக்கம் சைக்கிள் வருது, நேராப் புடி."

தூத்துக்குடி வரும்வரை கயிறு ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. இறங்கும்போது அவளுக்குக் குரல் போயிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மச்சானுக்கு ஷிப்ட். "வெளிய சொல்லீராதீய" என்றாள் மனைவி. "அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய படிக்கி." நான் தலையாட்டினேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய், துறைமுகச் சாலையில் காலையில் சைக்கிளில் போகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவருடைய டிரெய்லர் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் எனக்கு வேலை வகையில் பழக்கம்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார் முதலாளி. "அதான் அவருக்கு ராத்திரி டிரிப்பே போடுறதில்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க ஏன் அண்ணாச்சி இத சொன்னீய?" என்று அவர் சலித்துக்கொண்டார். "இதுவர எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நீங்க சொல்லி நான் கேட்டதா ஆயிருச்சு. இனி எப்படி வண்டியக் குடுக்க?"

மறுநாளே சாவியை வாங்கிவிட்டார். மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள், ஒரே ஒரு தடவை: "எங்க அண்ணன் இன்னிவரைக்கும் ரோட்டுல ஒரு ஆளக் கொன்னாவளா? சொல்லுங்க." இல்லைதான். சாகாமல் போன ஆளைக் கூட்டிவந்து காட்ட எனக்கு வழியில்லை. அந்த ஆள் யாரென்று அந்த ஆளுக்கே தெரியாது. மாமியார் வீட்டில் எல்லாரையும் போல அந்த ஆளும் என்னிடம் பேசாமல்தான் போகிறார்.

இரண்டு வாரம் கழித்துத் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு மச்சானை நான்தான் கூட்டிப்போனேன். டீசல் சத்தம் உதவியாக இருந்தது. பேச வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, வலது கண்ணை ஒரு கருப்பு மூடியால் மூடச் சொன்னார்கள்.

"மாப்ள, நீரு கொஞ்சம் வெளிய நில்லும்" என்றார்.

நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"முதல் வரி படிங்க ஐயா" என்றது கண் பரிசோதிக்கிற பெண்ணின் குரல். "சரி, என் கையில எத்தனை விரல்?" நாற்காலி நகர்கிற சத்தம். "பக்கத்துல வாரேன், இப்ப?" பிறகு, "கை அசையுதா, நிக்கா?" சுவிட்சைத் தட்டுகிற சத்தம். "டார்ச் அடிக்கேன் ஐயா. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது?"

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"நீங்களே சொல்லிருங்கம்மா" என்றார்.